டூ, சிசி, பிசிசி - பத்திரிகை வைக்கத் தெரிந்தவர்களுக்கு...

தாடிக்கொம்பில் ஒரு வீட்டில் கல்யாணம் என்றால், பத்திரிகை அச்சாகி வந்ததும் முதல் வேலை நாலு மூலையிலும் மஞ்சள் வைப்பது. முதல் பத்திரிகை சவுந்தரராஜப் பெருமாள் காலடிக்குப் போய்த் திரும்பி வரும். அடுத்த வேலை உறையில் பேர் எழுதுவது. கையெழுத்து கொஞ்சம் நன்றாக இருக்கிற காலேஜ் பையனையோ பெண்ணையோ பிடித்து உட்கார வைத்துவிடுவார்கள். பக்கத்தில் ஒரு பழைய நோட்டு இருக்கும். போன விசேஷத்தில் மொய் எழுதின நோட்டு. யார் யாருக்குப் பத்திரிகை வைக்க வேண்டும் என்பதை அந்த நோட்டுதான் முடிவு செய்யும். பெரியவர் ஒவ்வொரு பேராகச் சொல்லச் சொல்ல, எழுதுகிறவர் கை வலிக்க வலிக்க எழுத வேண்டும்.

உள்ளே இருக்கிற பத்திரிகை 500 பேருக்கும் ஒன்றுதான். உறையில் மட்டும் ஒரே ஒரு பேர். வாங்குகிறவருக்கு, இன்னும் யார் யாருக்கெல்லாம் வைத்திருக்கிறார்கள் என்று தெரியாது. யாரை விட்டுவிட்டார்கள் என்பதும் தெரியாது (அது மண்டபத்தில் தெரிந்துவிடும், சண்டையும் அங்கேதான்). மொய் நோட்டை ஜெராக்ஸ் எடுத்துப் பத்திரிகையோடு வைத்துக் கொடுக்கும் வீடு உலகத்தில் எங்கேயும் கிடையாது. தாய்மாமன் சீரை மைக்கில் சொல்லுவார்கள், அது ஊருக்குத் தெரிய வேண்டிய விஷயம். நோட்டு பீரோவுக்குள் போய்விடும், அது வீட்டு விஷயம். எது மைக்குக்கு, எது பீரோவுக்கு என்று யாரும் பாடம் எடுக்கவில்லை. எல்லாருக்கும் தெரியும்.

இவ்வளவு நாசூக்கு தெரிந்த அதே ஆட்கள்தான், மெயில் என்று வந்துவிட்டால் 'டூ' கட்டத்தில் 80 பேர் அட்ரஸை வரிசையாக ஒட்டி, அனுப்பு பட்டனை அமுக்கிவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிறார்கள். 80 பேருக்கும் மெயிலோடு அந்த நோட்டும் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

இதைத் தடுக்க ஒரு கட்டம் ஆரம்பத்திலிருந்தே மெயிலில் இருக்கிறது. 'பிசிசி' என்று பேர். அதில் போடுகிற அட்ரஸ் வாங்குகிற யாருக்கும் தெரியாது. இது கம்ப்யூட்டர்காரர்கள் கண்டுபிடித்ததுகூட இல்லை, டைப்ரைட்டர் காலத்துச் சமாச்சாரம். லோயர், ஹையர் பாஸ் பண்ணின சித்தப்பா பெரியப்பாக்களைக் கேட்டால் சொல்லுவார்கள். கடிதத்தாளுக்கு அடியில் கார்பன் பேப்பர், அதற்கடியில் இன்னொரு தாள். ஒரு தடவை தட்டினால் இரண்டு பிரதி. கடிதத்தின் அடியில் 'சிசி' என்று போட்டு, நகல் யாருக்குப் போகிறது என்று எழுதுவார்கள். எல்லாரும் பார்க்கலாம். ஆனால் ஒரு நகல் இன்னாருக்குப் போகிறது என்பது கடிதம் வாங்குகிறவருக்குத் தெரியக் கூடாது என்றால்? அசலை உருவி எடுத்துவிட்டு, நகலை மட்டும் திரும்ப மெஷினில் மாட்டி, அதில் மட்டும் 'பிசிசி' என்று அடிப்பார்கள். கொஞ்சம் குறும்பான ஏற்பாடுதான்! 1982 ஆகஸ்டில் மெயிலின் வடிவத்துக்கு விதி எழுதிய ஆர்எஃப்சி 822 என்கிற ஆவணத்தில் டூ, சிசியோடு பிசிசியும் இருக்கிறது.

உள்ளே நடப்பது இன்னும் சுவாரசியம். மெயில் சர்வர்கள் கடிதத்தின் தலைப்பில் எழுதியிருக்கும் பேரைப் பார்த்துப் பட்டுவாடா செய்வதில்லை. இந்த மெயிலை யாருக்குக் கொடுக்க வேண்டும் என்பதைத் தனியாக, கடிதத்துக்கு வெளியே, ஒரு சர்வர் இன்னொரு சர்வருக்குச் சொல்லும். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பேரே 'உறை' என்பதுதான். பிசிசியில் போட்ட அட்ரஸ் உறையில் மட்டும் இருக்கும், கடிதத்தில் இருக்காது. ஆக, கல்யாணப் பத்திரிகை மாதிரியேதான்.

'மெயில் அட்ரஸ்தானே, என்ன பெரிய ரகசியம்?' என்று ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்விதான். கடைக்காரர் விசிட்டிங் கார்டில் போடுகிறார், ரெஸ்யூமில் முதல் வரியே அதுதான். ஆனால் பத்துப் பேர் அட்ரஸ் ஒரே வரிசையில் வரும்போது சமாச்சாரம் மாறிவிடுகிறது. அந்த வரிசைக்கு ஒரு தலைப்பு இருக்கும். எழுதாவிட்டாலும் இருக்கும்.

ஒரு பெண் தாடிக்கொம்பிலிருந்து திண்டுக்கல்லுக்கு பஸ் பிடித்துப் போய் பி.காம் படித்தாள். அப்பாவுக்கு நூல் மில்லில் ஷிப்ட் வேலை. ஒரு செமஸ்டரில் ஃபீஸ் கட்டும் கடைசித் தேதி தாண்டிவிட்டது. காலேஜிலிருந்து மெயில் வந்தது. வெள்ளிக்கிழமைக்குள் ஃபீஸ் கட்ட வேண்டும், தவறினால் ஹால் டிக்கெட் தர இயலாது, அவ்வளவுதான். மரியாதையான மெயில், கடுமையாக ஒரு வார்த்தை இல்லை. 'டூ' கட்டத்தில் மட்டும் 31 அட்ரஸ். ஃபீஸ் கட்டாத 31 பேர். அட்ரஸில் பேரும் இனிஷியலும் இருந்ததால் யார் என்று தேட வேண்டிய அவசியமே இல்லை.

அதற்குள் ஒரு பையன் 'ரிப்ளை ஆல்' அமுக்கிவிட்டான். 'சார், அம்மாவுக்கு ஆபரேஷன், பத்து நாள் டைம் வேண்டும்' என்று அவன் ஆபீசுக்கு எழுதியது 31 பேருக்கும் போனது. யாரோ ஒருவர் அதை இன்னொருவருக்கு ஃபார்வர்ட் செய்ய, மதியத்துக்குள் கிளாஸ் முழுக்கத் தெரிந்துவிட்டது.

கிண்டல் எதுவும் நடக்கவில்லை. நடந்திருந்தால்கூடப் பரவாயில்லை, சண்டை போட்டுவிடலாம். சாயங்காலம் பஸ்ஸில் அவளோடு வரும் தோழி, நல்ல மனசோடுதான், கொஞ்சம் சத்தமாகக் கேட்டாள்: "ஏன்டி எங்கிட்ட சொல்லவே இல்ல? எங்கப்பாகிட்ட கேட்டுத் தரட்டுமா?" முன் சீட்டில் இருந்த ஊர்க்காரர் ஒருவர் திரும்பிப் பார்த்தார். அவர் அப்பாவுக்குத் தெரிந்தவர். அந்தப் பெண் "வேண்டாம்டி, அப்பா கட்டிட்டாரு" என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அப்பா கட்டியது அதற்கு மூன்று நாள் கழித்து.

இதில் வெளியே போனது மெயில் அட்ரஸா? கிளாஸில் எல்லாரிடமும் அவள் அட்ரஸ் முன்னாடியே இருந்தது, நோட்ஸ் அனுப்பிக்கொள்வதே அதில்தான். போனது வேறு ஒன்று.

காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு வங்கிச் சட்டம் பாடத்தில் டூர்னியர் வழக்கு (1924) ஞாபகம் இருக்கும். இங்கிலாந்தில் டூர்னியர் என்பவர் வங்கிக்கு 9 பவுண்டு சொச்சம் ஓவர்டிராஃப்ட் பாக்கி. வாரம் ஒரு பவுண்டு கட்டுகிறேன் என்று எழுதிக் கொடுத்தார், கட்டவில்லை. மேனேஜர் அவர் வேலை பார்க்கிற கம்பெனிக்குப் போன் போட்டு, பேச்சோடு பேச்சாக அவர் பாக்கி வைத்திருப்பதையும் பந்தயத்தில் பணம் விடுகிறார் போல இருக்கிறது என்பதையும் சொல்லிவிட்டார். டூர்னியருக்கு அந்த வேலை நிலைக்கவில்லை. வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றம் வரைக்கும் போய், வாடிக்கையாளர் விஷயத்தை ரகசியமாக வைக்க வேண்டியது வங்கியின் கடமை, அதற்கு விலக்கு நான்கே நான்கு என்று தீர்ப்பு வந்தது. 15 மார்க் கேள்விக்கு எல்லாரும் அந்த நாலு விலக்கையும் மனப்பாடம் செய்வார்கள். 9 பவுண்டு பாக்கியை ஒரே ஒரு கம்பெனியிடம் சொன்னதற்கே ஒரு நூற்றாண்டாகப் பாடப் புத்தகத்தில் இருக்கிறார் அந்த மேனேஜர். ஃபீஸ் பாக்கிப் பட்டியலை 31 பேருக்கு அனுப்பியது அசதி என்கிற கணக்கில் போய்விட்டது.

பட்டியலின் தலைப்பு ஃபீஸ் பாக்கியோடு நிற்பதில்லை. லண்டனில் 56 டீன் ஸ்ட்ரீட் என்று ஒரு பிரபலமான மருத்துவமனை, பால்வினை நோய்க்கும் எச்ஐவிக்கும் சிகிச்சை தருகிற இடம். 2015 செப்டம்பர் 1 அன்று எச்ஐவி சிகிச்சையில் இருப்பவர்களுக்கான செய்திமடலை 781 பேருக்கு ஒரே மெயிலாக அனுப்பினார்கள். பிசிசியில் போட வேண்டியதை டூவில் போட்டுவிட்டார் ஊழியர். 730 அட்ரஸ்களில் முழுப் பேரே தெரிந்தது. அனுப்பியவர் உடனே கண்டுபிடித்துத் திரும்பப் பெறப் பார்த்தார், முடியவில்லை. அந்த 781 பேரில் எச்ஐவி இல்லாதவர்களும் சிலர் இருந்தார்கள். பட்டியலைப் பார்க்கிறவனுக்கு அந்த வித்தியாசம் தெரியுமா? 2016 மே மாதம் அந்த மருத்துவமனையை நடத்தும் அறக்கட்டளைக்கு 1,80,000 பவுண்டு அபராதம். இந்தியாவில் இதே மாதிரி விவரத்தைக் காக்க 2017-ல் எச்ஐவி-எய்ட்ஸ் சட்டம் வந்து 2018 செப்டம்பரில் அமலானது. ஒருவருடைய சம்மதம் இல்லாமல் அவருடைய எச்ஐவி நிலையை வெளியே சொல்லக் கூடாது என்கிறது அது. கெட்ட எண்ணத்தோடு சொல்கிறவர்களைத்தான் அந்தச் சட்டத்தைப் படிக்கும்போது நினைக்கத் தோன்றும். கட்டம் மாறிப் போட்டவரை நினைக்கத் தோன்றாது.

மானம் போவதோடு முடிந்தால்கூடத் தேவலை. அடுத்தது உயிர் விஷயம். 2021 ஆகஸ்டில் காபூல் தாலிபான் கைக்குப் போனபோது, பிரிட்டிஷ் ராணுவத்துக்கு மொழிபெயர்ப்பாளர்களாக வேலை பார்த்த ஆப்கானியர்கள் பலர் வெளியேற முடியாமல் ஒளிந்து வாழ்ந்துகொண்டிருந்தார்கள். அவர்களை மீட்கும் குழு பிரிட்டன் பாதுகாப்பு அமைச்சகத்தில் இருந்தது. செப்டம்பர் 20 அன்று அந்தக் குழு, இன்னும் ஆப்கானிஸ்தானில் இருப்பவர்களுக்கு ஒரு மெயில் அனுப்பியது. 245 பேர் அட்ரஸும் டூ கட்டத்தில். 55 பேருக்கு ப்ரொஃபைல் போட்டோவும் சேர்ந்து தெரிந்தது. இரண்டு பேர் ரிப்ளை ஆல் போட்டார்கள். அதில் ஒருவர் தான் இருக்கிற இடத்தையே எழுதிவிட்டார்!

ஒரே ஒரு போன் தாலிபான் கையில் சிக்கினால் போதும். யார் யார் பிரிட்டிஷ்காரனுக்கு வேலை பார்த்தார்கள் என்கிற முழுப் பட்டியலும் அதற்குள் இருக்கும். அமைச்சகம் அவசர அவசரமாக இன்னொரு மெயில் போட்டு, முந்தினதை அழித்துவிடுங்கள், மெயில் அட்ரஸை மாற்றிக்கொள்ளுங்கள் என்று சொன்னது. விசாரித்தால் அதே மாதத்தில் அதற்கு முன்பும் இரண்டு தடவை இதே தவறு நடந்திருந்தது. மூன்றும் சேர்த்து 265 அட்ரஸ். 2023 டிசம்பரில் 3,50,000 பவுண்டு அபராதம் போட்டார்கள். அரசாங்கம் அரசாங்கத்துக்குக் கட்டும் அபராதம் என்ன கணக்கு என்று ஆடிட்டிங் வாத்தியாரைத்தான் கேட்க வேண்டும்.

வெளிநாட்டுக் கதையாகவே இருக்கிறதே என்றால், இந்தியாவில் நடந்தது இதைவிடப் பெரிய எண்ணிக்கை. 2015 மார்ச் 27 அன்று டிராய் அமைப்பு, இணையத்தில் ஒவ்வொரு சேவைக்கும் தனித்தனியாகக் காசு வாங்க விடலாமா என்கிற மாதிரி ஒரு ஆலோசனை அறிக்கை வெளியிட்டு மக்களிடம் கருத்துக் கேட்டது. நெட் நியூட்ராலிட்டி சண்டை அதிலிருந்துதான் சூடு பிடித்தது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மெயில்கள் குவிந்தன. வாழ்க்கையில் முதல் தடவையாக அரசாங்க அமைப்புக்கு ஒரு கடிதம் போட்டவர்கள் அதில் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். ஏப்ரல் 27 அன்று டிராய், வந்த மெயில்களை அப்படியே தன் இணையதளத்தில் ஏற்றிவிட்டது. கருத்து, பேர், மெயில் அட்ரஸ், எல்லாம். விளம்பரக் கம்பெனிக்கும் ஏமாற்றுப் பேர்வழிக்கும் பத்து லட்சம் உயிருள்ள அட்ரஸ், இலவசம்!

கருத்துகளை வெளியிட்டது தப்பில்லை. யார் என்ன சொன்னார்கள் என்று தெரிந்தால்தான் கம்பெனிக்காரர்கள் பின்வாசல் வழியாகப் பேசிவிட்டுப் போகாமல் இருப்பார்கள். கருத்து மைக்குக்கு உரியது, அட்ரஸ் பீரோவுக்கு உரியது, இரண்டையும் பிரிக்க ஒரு ஆள் உட்காரவில்லை. கோபத்தில் ஒரு ஹேக்கர் கூட்டம் அன்றைக்கே டிராய் தளத்தை முடக்கிவிட்டதாக அறிவித்தது. அதனால் யார் அட்ரஸும் திரும்ப வரவில்லை.

ஆபீஸ் மெயில்களை விடுங்கள், நண்பர்கள் அனுப்பும் ஃபார்வர்டு தனி ரகம். இதற்கு ஊரில் பழைய முன்னோடி உண்டு. சாமி பேரைச் சொல்லி வரும் அஞ்சலட்டை. 'இதைப் பத்துப் பேருக்கு எழுதி அனுப்பியவருக்கு லாட்டரி விழுந்தது, கிழித்துப் போட்டவர் ரத்தம் கக்கினார்' என்று எழுதியிருக்கும். பயந்துபோய் எத்தனை வீட்டில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள்! ஆனால் அந்த மொட்டை அட்டையில் ஒரு நல்ல குணம் இருந்தது. யார் அனுப்பியது, அவருக்கு யார் அனுப்பியது என்று ஒரு தகவலும் இருக்காது. 1997 வாக்கில் பில் கேட்ஸ் பணம் தருகிறார், ஃபார்வர்டு செய்யுங்கள் என்று உலகம் சுற்றியது ஒரு புரளி மெயில். அதே அஞ்சலட்டைதான், சாமி மட்டும் மாறிவிட்டது :-) ஆனால் இது போகிற வழியெல்லாம் எல்லார் அட்ரஸையும் பொறுக்கிக்கொண்டு போகும். மெயிலைத் திறந்தால் மேட்டர் வருவதற்குள் நாலு பக்கம் பேர்ப் பட்டியலைத் தாண்ட வேண்டும். முன்பின் தெரியாத ஒரு சென்னை கம்பெனியின் அக்கவுண்ட்ஸ் டிபார்ட்மென்ட் முழுவதும் அதில் இருக்கும்.

இங்கேதான் பிசிசி தெரிந்தவர்களும் கோட்டை விடுகிறார்கள். தான் அனுப்புகிற 40 பேரை ஒழுங்காக பிசிசியில் போட்டுவிடுவார்கள். முந்தின ஆள் அனுப்பிய 60 பேர் மெயிலின் உடம்புக்குள் அப்படியே இருக்கும். ஜிமெயிலில் ஃபார்வர்டு அமுக்கினால் பழைய மெயிலின் டூ, சிசி வரிகள் எழுத்தாகவே கீழே வந்து உட்கார்ந்துகொள்ளும். அதை பிசிசி மறைக்காது. கையால் செலக்ட் செய்து அழிக்க வேண்டும். பத்து செகண்டு வேலை. இன்னொன்று: பிசிசியில் வந்த மெயிலுக்கு ஒருவர் ரிப்ளை ஆல் போட்டால் மற்ற பிசிசி ஆட்களுக்கு அது போகாது, ஆனால் டூவிலும் சிசியிலும் இருப்பவர்களுக்குப் போகும். மறைவாக வாங்கியவர் தன்னைத்தானே காட்டிக்கொடுத்துக்கொள்வார். ஒரு மெயிலில் மேலதிகாரியை ரகசியமாகச் சேர்க்கிறவர்கள் மாட்டிக்கொள்வது இப்படித்தான். (மாட்டிக்கொள்ளட்டும், அந்த வகை பிசிசிக்கு வக்காலத்து வாங்க முடியாது.)

அதுவும் போக, பிசிசி என்பது மனுஷன் ஞாபகத்தை நம்பி இருக்கிற பூட்டு. திண்டுக்கல் பூட்டாகவே இருந்தாலும் பூட்ட மறந்தால் திருடன் வருவான். பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் 2023 ஆகஸ்டில் சொன்னபடி, 2019-லிருந்து அவர்களிடம் வந்த பிசிசி தவறுகள் மட்டும் கிட்டத்தட்ட ஆயிரம். அதனால் முக்கியமான விஷயத்துக்கு பிசிசியையே நம்பாதீர்கள், ஒவ்வொருவருக்கும் தனித்தனி மெயிலாகப் போகிற ஏற்பாட்டைப் பயன்படுத்துங்கள் என்கிறார்கள். மெயில் மெர்ஜ் என்று கம்ப்யூட்டர் லேபில் முதல் வருஷமே சொல்லித் தருவதுதான். எக்செல்லில் பட்டியல், வேர்டில் கடிதம், அனுப்பினால் ஆளுக்கு ஒன்று. காலேஜ் ஆபீசில் அது தெரியாதவர் யாரும் இருக்க மாட்டார்கள். ரெக்கார்டு நோட்டில் அதற்குக் கையெழுத்துப் போடுகிறவர்களே அவர்கள்தான்.

சட்டம் என்ன செய்யும்? 2023-ல் தனிநபர் டிஜிட்டல் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. நிறுவனங்களின் முக்கியமான கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்துத்தான் அமலாகும் என்று வைத்திருக்கிறார்கள். பாதுகாப்பில் கோட்டை விட்டால் அபராதம் 250 கோடி ரூபாய் வரைக்கும் போகலாம். ஆனால் ஒரு ஆள் தன் சொந்த வேலைக்கு, வீட்டு வேலைக்குச் செய்வதற்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று அதிலேயே இருக்கிறது. ஆக காலேஜ் ஆபீஸ் மாட்டும், ஃபார்வர்டு மாமா மாட்ட மாட்டார். அப்படித்தான் இருக்கவும் வேண்டும். பொங்கல் வாழ்த்து அனுப்பினதற்கெல்லாம் வழக்குப் போட்டால் கோர்ட்டில் இடம் பத்தாது.

இப்போது ஃபார்வர்டு மாமாக்கள் எல்லாம் வாட்ஸ்அப்புக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள். அங்கே டூ, பிசிசி வித்தியாசம் வேறு பேரில் இருக்கிறது. குரூப் என்றால் டூ: உள்ளே இருக்கிற எல்லார் நம்பரும் எல்லாருக்கும் தெரியும், 1,024 பேர் வரைக்கும் சேர்க்கலாம். பிராட்காஸ்ட் லிஸ்ட் என்றால் பிசிசி: ஆளுக்குத் தனியாகப் போகும், ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. ஆனால் அதில் ஒரு சிக்கல். அனுப்புகிறவர் நம்பரைத் தன் போனில் பதிந்து வைத்திருப்பவருக்கு மட்டும்தான் அது போய்ச் சேரும். பாதிப் பேர் பதிந்திருக்க மாட்டார்கள். 'எனக்கு மட்டும் பத்திரிகை அனுப்பல' என்று கோபித்துக்கொள்வார்கள். அந்தப் பயத்தில் குரூப்பே மேல் என்று முடிவாகிவிடும்.

அப்படி ஆரம்பிக்கிற கல்யாண குரூப்பில் மாப்பிள்ளை வீடு, பெண் வீடு, கேட்டரிங்காரர், போட்டோகிராபர் என்று 300 நம்பர். கல்யாணம் முடிந்து, மறுவீடு முடிந்து, ஆடிச் சீரும் முடிந்த பிறகும் குரூப்பைக் கலைக்க யாருக்கும் கை வராது. ஆறு மாதம் கழித்து ஒருநாள் காலையில், இரண்டு வீட்டுக்கும் சம்பந்தமே இல்லாத ஒரு நம்பரிலிருந்து அதில் இருக்கிற அத்தைகளுக்கு எல்லாம் தனித்தனியாக மெசேஜ் வரும். கரூர் ரோட்டில் வீட்டு மனை, சென்ட் விலை மலிவு, ஆடித் தள்ளுபடி இன்னும் முடியவில்லை.